'தானியங்கி' வேண்டாம், 'தொலைப்பொறி' எனலாம்

அன்புள்ள குழுவினர்க்கு,

வணக்கம். நம் கையேட்டில் விண்ணுக்கு அனுப்பும் ரோபோவைத் 'தானியங்கி' என்றே எழுதிவிடலாம் என்று சென்ற வார மடல்களில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆலங்காயத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்விதான் காரணம்.

சந்திரயான்-3 பற்றிய குறிப்பை வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தேன். 2023 ஆகஸ்டு 27 அன்று பிரக்யான் ஊர்தி, தனக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் இருக்கக் கண்டது. வந்த வழியே திரும்பும்படி இங்கிருந்து ஆணை போயிற்று. அவள் எழுந்து, "தானாக இயங்கும் என்று போட்டிருக்கிறதே, அப்புறம் ஏன் ஐயா அதற்கு வழி சொல்ல வேண்டும்?" என்றாள். பிழை பிள்ளையிடம் இல்லை, சொல்லில் இருக்கிறது. தொட்டி நிரம்பியதும் நிற்கும் மோட்டார் தானியங்கி. நிலவில் ஊர்ந்த அந்த ஆறு சக்கர வண்டி, நம் கண்ணும் காலும்.

அதனால் 'தொலைப்பொறி'. பொறி என்றால் இயந்திரம். மெய், வாய், கண், மூக்கு, செவி ஐந்தும் பொறிகளே. பொறி உணரும், மனம் அறியும் என்று பிரித்து வைத்த மொழி நம்முடையது. தொலைவில் நிற்கும் இயந்திரம், தொலைவுக்கு நீண்ட புலன் என்ற இரு பொருளையும் இந்த ஒரே சொல் தாங்கும்.

எலிப்பொறி நினைவுக்கு வரும், தொலைந்துபோன பொறி போல ஒலிக்கும் என்பார்கள். தொலைபேசியை யாரும் தொலைந்த பேசியாகப் படிப்பதில்லை. நண்பர் ஒருவர் சொன்ன 'ஏவலி' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் ஏவுகணை, ஏவுதளம் பக்கத்தில் அது குழப்பும். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஏவல் என்றதும் பில்லி சூனியம்தான் நினைவுக்கு வரும்.

செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேர 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். அங்கே ஒவ்வொரு பாறைக்கும் நம்மைக் கேட்டு நிற்க முடியாது. பெர்செவரன்ஸ் ஊர்தி பாறைகளை விலக்கித் தானே பாதை தேர்கிறது. இதற்குத் 'தன்னாட்சி' என்பது மிகை. அது கல்லூரிக்கும் மாநிலத்துக்கும் உரிய சொல். 'தன்தேர்வு' போதும். வழியைத்தான் அது தேர்கிறது. எங்கே போவது, எதற்காகப் போவது என்பதை மனிதர்கள் தேர்கிறார்கள்.

இந்த வரம்பைச் சொல்லும்போது, செவ்வாயில் ஊர்ந்த ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியின் பெருமையைக் குறைக்கக் கூடாது. 90 நாள் வேலைக்கென்று போனது, 14 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 45 கிலோமீட்டர் கடந்தது. மூச்சும் சோறும் வேண்டுகிற மனிதனால் அது ஆகாது. ஆனால் 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வீரர்கள் மூன்றே நாளில் 35 கிலோமீட்டருக்கு மேல் நிலவில் வண்டியோட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஹாரிசன் ஷ்மிட், பாறையையும் மண்ணையும் ஆராயும் நிலவியலாளர். தம் காலடியில் கிளறிய சாம்பல் மண்ணுக்கடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்ததும் அங்கேயே நின்றுவிட்டார். அவை பழைய எரிமலை உமிழ்ந்த கண்ணாடி மணிகள். அதைத் தேடு என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தோலை வெளிச்சத்தில் பிடித்துக் கட்டைவிரலால் மடித்தபடியே வருவார். திடீரென்று ஒன்றில் கை நிற்கும். ஏன் நின்றது என்பதை அதற்குப் பிறகுதான் சொல்லுவார்.

மனிதர்கள் செவ்வாயில் குடியேறி, ரோபோ பக்கத்திலேயே வேலை செய்தால் 'தொலை' எதற்கு என்று கேட்கலாம். அங்கே அது வெறும் 'பொறி'. முன்னொட்டைக் கழற்றினாலும் சொல் நிற்கிறது.

கையேட்டின் கோப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் புதன் இரவுக்குள் எழுதுங்கள், வியாழனன்று திருத்திவிடுகிறேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து