ஹெட்லைட் ஒயரிங்கைச் சுருக்க வழி சொல்லுங்க

கடலூர் முதுநகர்லேர்ந்து எழுதுறேன். மீன் ஏத்துற பழைய வேன், ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரியுது. பேட்டரியில 12.6 வோல்ட், பல்பு ஹோல்டர்ல 10.8தான். கழட்டினா ஏழெட்டு ஒட்டு, எல்லாம் டேப்பு. எர்த் முனை உப்புக்காத்துல பச்சை பூத்துக் கிடக்கு. பல்பு எச்4 வகை, ஹை பீம் 60 வாட், லோ பீம் 55 வாட். ஹை பீம்ல ரெண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் சுவிட்ச் வழியாவே போகுது, சுவிட்ச் சுடுது.

ரெண்டு ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன் பண்ற சுவிட்ச்) வைக்கலாம்னு இருக்கேன். ரிலேயோட பின் நம்பர்படி: 30-ம் பின் ஃப்யூஸ் வழியா பேட்டரிக்கு, 87 பல்புக்கு, 86 பழைய சுவிட்ச் ஒயர், 85 எர்த். சரிதானா அண்ணே?

ரிலே, ஒயரெல்லாம் சேர்ந்த ரெடிமேட் கிட்டுன்னா வெட்டாம ஒட்டாம சொருகிடலாமாம். ஒயர் மெலிசா இருக்குமோன்னு பயம். யாராவது போட்டிருக்கீங்களா? பீங்கான் ஹோல்டர் புதுச்சேரியில எங்க கிடைக்கும்? எல்இடி மட்டும் சொல்லாதீங்க, எதிர்ல வர்றவங்க பாவம்.