கெடிலக்கரை சொந்தங்கள்

வெள்ளி, காலை 6.10

வசந்தா: இவரு அங்க யாரு வீட்டுக்காவது வந்தாரா

லதா: யாருக்கா, மாமாவா?

வசந்தா: நாலு மணிக்கு லைட்டு எரிஞ்சிது. பாத்ரூம்னு நெனச்சி திரும்பிப் படுத்துட்டேன். இப்ப செருப்பு இல்ல, குடை இல்ல. போன் போட்டாலும் எடுக்கல

ரவி: சில்வர் பீச் வாக்கிங் போயிருப்பாரு அண்ணி

வசந்தா: வாக்கிங்குக்கு ரெண்டு வேட்டி எதுக்கு தம்பி

குமார்: இனிய காலை வணக்கம்! வாழ்க்கை ஒரு பயணம். உன்னைத் தேடி நீயே நட. (பலமுறை பகிரப்பட்டது)

லதா: குமாரு, மேல படிச்சிட்டுப் போடு

குமார்: என்ன ஆச்சு

கார்த்தி: பெரியப்பா மிஸ்ஸிங்

வசந்தா: மிஸ்ஸிங்னு எழுதாத கார்த்தி, நெஞ்சு அடைக்குது

பிரபு: அம்மா, ஏதாவது சண்டையா?

வசந்தா: சண்டைலாம் இல்ல. ஒரு வாரமா பெரிய புராணத்த வச்சிக்கிட்டு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் படிப்பு. ரிட்டையர் ஆனதுலருந்து பண்றதுதான

ரவி: 1974-ல வடலூர் ஜோதி பாக்கப் போறேன்னு கிளம்பி பம்பாய்லருந்து லெட்டர் போட்ட ஆளு

பிரபு: சித்தப்பா இப்ப அது வேணாமே

ரவி: சொல்றேன், அவ்ளோதான். அந்த ஏழு மாசம் மாட்டப் பாத்தது யாரு, கழனியப் பாத்தது யாரு

லதா: உங்களுக்கு அப்ப பத்து வயசு

ரவி: அக்கா பாத்துது. நான் கூட இருந்தேன்

காலை 7.20

சுகன்யா: மாமா நெல்லிக்குப்பத்துல டீ குடிச்சிக்கிட்டு இருந்தாராம்! எங்க வீட்டுக்காரரோட பிரண்டு பஸ்லருந்து பாத்திருக்காரு. தோள்ல துண்டுல சுத்தி ஏதோ பலகை

வசந்தா: பலகையா

வசந்தா: இரு

வசந்தா: சாமி ரூம்ல பலா மணையக் காணோம்

லதா: அந்த மரத்துல செஞ்சதா?

வசந்தா: ம்

கார்த்தி: எந்த மரம்

ரவி: விடு. அக்கா குரூப்ல இருக்கு

சுகன்யா: இருந்தா என்ன சின்ன மாமா, ஊருக்கே தெரியும். கார்த்தி, 2011 டிசம்பர் 30, தானே புயல். தாத்தா நட்ட பலா சாஞ்சிது. பெரிய மாமா அத 18,000-க்கு வித்தாரு. அம்மாவ ஒரு வார்த்தை கேக்கல. அவ்ளோதான் கதை

ரவி: அவ்ளோதான் இல்ல

லதா: போதும். கார்த்தி, ஞாயித்துக்கிழமைக்கு வேன் சொன்னியா? 14 சீட்டா 17 சீட்டா

கார்த்தி: பண்ருட்டி அத்தை வீட்ல வரலன்னா 14 போதும்

ரவி: அதையும் இங்கயே போடு

சுகன்யா: நாங்க வர்றோம். அம்மாதான் தெரியல

குமார்: மாமா சாமியாராப் போயிட்டாரா? எங்க தெருவுல கேக்குறாங்க

லதா: உங்க தெருவுக்கு யாரு சொன்னா

குமார்: நான்தான்

பிரபு: போலீஸ்ல சொல்லலாமா?

ரவி: டீ குடிக்கிற ஆளுக்கு எதுக்குடா போலீஸ். பாரதியார் 1908-ல பாண்டிக்கு வந்து பத்து வருஷம் பத்திரமா இருந்தாரு. 1918-ல கிளம்புனாரு, கடலூர்ல புடிச்சி உள்ள வச்சிட்டாங்க. கிளம்புறதே நம்ம பக்கத்துக்கு ராசியில்ல

காலை 9.15

ராஜேந்திரன்: அனைவருக்கும் வணக்கம். யாரும் பதற வேண்டாம். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு சலூனில் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு எழுதுகிறேன். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பண்ருட்டியை ஒட்டிய திருவதிகைக்கு நடக்கிறேன், சுமார் 25 கிலோமீட்டர். அப்பர் போன வழி. சாலை வேறு, கெடிலம் அதே. பிள்ளைகள் மறந்திருப்பீர்கள், அதனால் சொல்கிறேன். அப்பருக்கு அப்போது பெயர் தருமசேனர். நம் திருப்பாதிரிப்புலியூர்ச் சமண மடத்தில் பெரிய ஆள். அக்கா திலகவதியார் திருவதிகையில் தனியாக. தாய் தகப்பன் இல்லை, கட்டிக்கொள்ள இருந்தவரும் போர்க்களத்தில் போய்விட்டார். தம்பிக்காகத்தான் உயிரை வைத்துக்கொண்டார் என்கிறார் சேக்கிழார். அந்தத் தம்பிதான் விட்டுப் போனது. பிறகு சூலை நோய் வந்தது

கார்த்தி: கேஸ் ட்ரபிளா பெரியப்பா

வசந்தா: எங்க இருக்கீங்க? மாத்திரை போட்டீங்களா?

ராஜேந்திரன்: போட்டேன். குறுக்கே பேசாதீர்கள். மடத்தில் மந்திரித்தும் வலி அடங்கவில்லை. உடனே இவர் என்ன செய்தார்? தான் போகவில்லை. சமையல்காரனை அனுப்பினார், அக்காவிடம் சொல் என்று. அக்கா சொன்ன பதில், அந்த இடத்துக்கு நான் வரமாட்டேன். அதற்குப் பிறகுதான் இவருக்கு உறைத்தது. பாயுடையை விட்டுவிட்டு, வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு, கைத்தாங்கலாக, யாரும் பார்க்காமல் இராத்திரியில் திருவதிகைக்குப் போனார். பிற்காலத்தில் கைலாயத்துக்குக் கால் தேய நடந்தார், தவழ்ந்தார், உருண்டார், குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். ஊரெல்லாம் அதைத்தான் பேசுகிறது. எனக்கென்னவோ அந்த ஒரு ராத்திரிதான் பெரிதாகப் படுகிறது

கார்த்தி: ஒரு நிமிஷம்

கார்த்தி: போன வாரம் அத்தை வீட்டுக்குப் பத்திரிகை வைக்க நீங்க வராம என்னத்தான அனுப்புனீங்க

கார்த்தி: அப்ப நான்தான் சமையல்காரனா

பிரபு: 😂😂

சுகன்யா: அம்மாவும் அன்னிக்கு அதேதான சொன்னாங்க, "அவன் காசு குடுக்குற வேன்ல ஏற மாட்டேன்"னு

ராஜேந்திரன்: பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசு வாங்கித் திரும்புகிறவன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வது. எந்த ஊர் தாண்டினால் எந்த ஊர், எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது வரை. சிறுபாணாற்றுப்படையில் நம் மரக்காணம் எயிற்பட்டினம் என்று வருகிறது. அங்கே சுட்ட கருவாடு கிடைக்கும்

வசந்தா: வெள்ளிக்கிழமையும் அதுவுமா கருவாட்ட பேசாதீங்க

பிரபு: அந்தக் காலத்து கூகுள் மேப்

ரவி: எல்லாம் சரி. பம்பாய் பத்தி ஒண்ணும் சொல்லலியே

ராஜேந்திரன்: சொல்கிறேன் ரவி. பம்பாயில் என்னைத் தேடிப் போனேன் என்று வகுப்பு வகுப்பாகக் கதை விட்டிருக்கிறேன். ஏழு மாதம் ஓட்டலில் டம்ளர் கழுவினேன். கிடைத்தது சிரங்கு. திரும்பி வந்தபோது அதற்கு வேப்பிலை அரைத்துப் போட்டது அக்கா

காலை 9.40

சரோஜா (பண்ருட்டி): குரல் செய்தி 0:04

கார்த்தி: அத்தை பேசுதா!! ஆபீஸ்ல இருக்கேன், கேக்க முடியல. யாராவது டைப் பண்ணுங்க

சுகன்யா: "வெயில் ஏறுது, பஸ்ஸ புடிச்சி வரச் சொல்லு"

ராஜேந்திரன்: நடந்தே வருகிறேன்

சரோஜா (பண்ருட்டி): குரல் செய்தி 0:02

சுகன்யா: இதை டைப் பண்ண முடியாது

மதியம் 12.50

லதா: போய்ச் சேந்தாரா இல்லியா

சுகன்யா: வந்துட்டாரு. திண்ணையில உக்காந்து கால நீட்டிட்டாரு. ரெண்டு குதிகால்லயும் கொப்புளம். அம்மா சொம்புல தண்ணி குடுத்தாங்க, பேசல

வசந்தா: தேங்காயெண்ணெ தடவச் சொல்லும்மா. சுகர் இருக்கு அவருக்கு

சுகன்யா: புகைப்படம்

கார்த்தி: மணை மேல என்ன அது

சுகன்யா: பலாச்சுளை. அம்மா அறுத்து இலையில வச்சி மணை மேலயே வச்சிட்டாங்க. "நம்ம மரத்துக் கட்டதான் அக்கா, தச்சர்கிட்ட ஒரு துண்டு மட்டும் கேட்டு வாங்கி வச்சிருந்தேன்"னு மாமா சொன்னாரு. அம்மா அதத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, ஓரத்துல விரலால தடவுனாங்க

லதா: அப்புறம்?

சுகன்யா: "மிச்சக் காசு எங்கடா"ன்னாங்க

ரவி: அதான் கேக்கணும்!! நானும் கேக்குறேன்

வசந்தா: தம்பி, ஓட்டு வீடு பிரிச்சிப் போட்டது யாரு காசுலன்னு நான் ஆரம்பிச்சா நல்லா இருக்காது

லதா: ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம். எல்லாரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா

கார்த்தி: வேன்காரர் நாலு மணிக்குள்ள அட்வான்ஸ் கேக்குறாரு. அத்தை வருதா இல்லியா, ஒரு வார்த்தை சொல்லுங்க

சுகன்யா: கேட்டேன். "திங்கும்போது கேக்காத"ன்னுட்டாங்க

கார்த்தி: அப்ப 17 சொல்லவா?

ரவி: இரு

குமார்: மாமா சாமியார் இல்லன்னு தெருவுல சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்குறாங்க