ஏஏசி கல்லுக்குத் தமிழ்ப் பெயர்: ‘பொங்குகாரை’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

செங்கல்லுக்குப் பதிலாகச் சுவர் கட்டப் பயன்படும் எடை குறைந்த கல்தான் ஏஏசி (autoclaved aerated concrete) கல். அதற்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: சாம்பல் கல், காற்றூட்டப்பட்ட கற்காரை (கற்காரை என்பது கான்கிரீட்), நுண்துளைக் கற்காரை, பொரிகல். நான் ‘பொங்குகாரை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதை வைத்து வார்த்த கல்லைப் பொங்குகல் எனலாம்.

அந்தக் கல் பிறக்கும் விதத்தைப் பார்த்தால் பெயர் தானே கிடைத்துவிடுகிறது. அனல்மின் நிலையச் சாம்பல், சுண்ணாம்பு, சிமென்ட், சிறிது ஜிப்சம் ஆகியவற்றை நீரில் கூழாகக் கரைத்து, அலுமினியப் பொடி சேர்த்து அச்சில் ஊற்றுகிறார்கள். 100 கிலோ உலர்கலவைக்கு 100 கிராம் பொடிகூடத் தேவைப்படுவதில்லை. சுண்ணாம்பின் காரம் பட்டதும் அலுமினியம் ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. கூழ் இட்லி மாவு போலப் பொங்கி மேலே ஏறுகிறது. ஓரளவு இறுகியதும் கம்பியால் அறுத்து, மூடிய கலத்தில் ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் நீராவியில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 12 மடங்கு அழுத்தத்தில், 8 முதல் 12 மணி நேரம் அவிக்கிறார்கள். சாம்பலிலுள்ள சிலிக்கா சுண்ணாம்புடன் சேர்ந்து டோபர்மொரைட் என்ற படிகமாவது அப்போதுதான். கல்லுக்கு வலிமை தருவது அந்தப் படிகம். ஹைட்ரஜன் வெளியேறிய அறைகளில் காற்று வந்து நிற்கிறது. ஒரு கனமீட்டர் பொங்குகல்லின் எடை சுமார் 600 கிலோ. அதே அளவு செங்கல் 1,800 கிலோவை ஒட்டி வரும். ஒரே தடிப்புள்ள சுவரென்றால், செங்கல் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழக் கால் பங்கைத்தான் இது கடத்தும்.

இனி மற்றப் பரிந்துரைகள்.

> காற்றூட்டப்பட்ட கற்காரை என்பது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதே?

உள்ளது. ஆனால் யாரும் இதற்குள் காற்றை ஊட்டவில்லை. வாயு கலவைக்குள்ளேயே பிறக்கிறது. மேலும், பனிநாடுகளில் உறைபனி கான்கிரீட்டைப் பிளக்காமலிருக்க மிக நுண்ணிய காற்றுக் குமிழ்களைக் கலந்து வார்க்கிறார்கள். அது கனமான, சாதாரண கான்கிரீட். காற்றூட்டிய கற்காரை என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். கற்காரையில் உள்ள ‘கல்’லும் இங்கே இடிக்கிறது. ஜல்லி சேர்ந்தால்தான் கற்காரை. நம் கலவையில் ஜல்லி ஒரு துண்டும் கிடையாது. காரை மட்டுமே மிஞ்சுகிறது. ‘சுவரில் காரை பெயர்ந்துவிட்டது’ என்று வீட்டில் எல்லோரும் சொல்லும் அதே சொல்.

‘நுண்துளை’யை நான் ஏற்கவில்லை. உடைத்துப் பார்த்தால் அறைகள் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன.

பொரிகல் அழகான சொல். அதை வீணாக்க வேண்டாம். சூட்டில் உப்பிப் பொரிகிற பெர்லைட், வெர்மிகுலைட் போன்ற கனிமங்களுக்கு எடுத்து வைப்போம். பொரிதல் உலர்ந்த பொருளுக்கு, பொங்குதல் ஈரக் கூழுக்கு என்ற வேறுபாட்டைத் தமிழ் முன்பே செய்து வைத்திருக்கிறது.

சாம்பல் கல் என்பதைத்தான் முழு மூச்சோடு எதிர்க்கிறேன். சாம்பலை அழுத்திச் செய்யும் கெட்டியான கல்லும் சந்தையில் இருக்கிறது. எடையில் அது செங்கல்லுக்கு அருகில் நிற்கும். வெயிலைத் தடுப்பதில் பெரிதாக உதவாது. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால், மாடியில் சூடு குறையும் என்று நம்பி ஒருவர் தவறான கல்லை வாங்கிச் சுவர் எழுப்பிவிடுவார்.

வரலாறும் அந்தப் பெயருக்கு இடம் தரவில்லை. 1920களில் ஸ்டாக்ஹோமில் யோஹான் ஆக்செல் எரிக்சன் இம்முறையை உருவாக்கி, 1924இல் காப்புரிமை பெற்றார். 1929இல் ஸ்வீடனின் இக்ஸ்ஹுல்ட்டில் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது. அங்கே பயன்பட்டது நிலக்கரிச் சாம்பலன்று. சுண்ணாம்பு சுடுவதற்கு எரிபொருளான படிகாரக் களிப்பாறையின் எச்சம். கல் நீலம் பாய்ந்திருந்ததால் ‘நீலக் கான்கிரீட்’ என்றே பெயர். அந்தப் பாறையில் யுரேனியம் இருந்தது. சுவர்களிலிருந்து வீட்டுக்குள் ரேடான் என்ற கதிரியக்க வாயு கசிந்தது. 1975இல் அந்த உற்பத்தி நின்றது. ஆனால் பொங்கவைக்கும் முறை நிற்கவில்லை. மணலை அரைத்தும் இன்று பல நாடுகளில் இதே கல்லைச் செய்கிறார்கள். ஆகவே பொருளுக்குப் பெயர் பொங்குகாரை. எதிலிருந்து வந்தது என்பதை முன்னொட்டாகச் சேர்ப்போம்: சாம்பல் பொங்குகாரை, மணல் பொங்குகாரை. இந்த முன்னொட்டை விட்டுவிடக் கூடாது. தன் வீட்டுச் சுவரில் எந்த ஆலையின் கழிவு இருக்கிறது என்று அறியும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு.

> சுவரில் வைத்த பிறகும் பொங்கிக்கொண்டே இருக்கும் என்று மக்கள் நினைத்துவிட மாட்டார்களா?

வினைத்தொகைக்கு அந்த ஆபத்து இல்லை, ஐயா. சுடுமண் ஓட்டை இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. வினைத்தொகை என்பதாலேயே ‘பொங்குகாரை’யில் க் மிகாது, அச்சிடும்போது கவனிக்கவும். நுரையைத் தனியே அடித்துக் கலவையில் சேர்த்து, நீராவியில் அவிக்காமல் ஆறவிடும் வகைக்கு ‘நுரைக்காரை’ என்று வைத்தால் அங்கே க் மிகும். இந்தியத் தர நிர்ணயமும் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது: ஐஎஸ் 2185ஆம் தரத்தின் மூன்றாம் பகுதி பொங்குகாரைக்கு, நான்காம் பகுதி நுரைக்காரைக்கு. கடையில் இரண்டையும் ‘லைட்வெயிட் பிளாக்’ என்று விற்பதால், தமிழில் இரு சொற்கள் கட்டாயம் வேண்டும்.

மூலப்பொருளான அனல்மின் நிலையச் சாம்பலுக்கு (fly ash) ‘பறக்கும் சாம்பல்’ என்ற நேர் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பதில் குழுமம் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையச் செய்திகளில் நாளிதழ்கள் எழுதும் ‘உலர் சாம்பல்’ போதும். புகையிலிருந்து பிரித்து உலர்வாகவே எடுத்தது என்ற பொருளும் அதில் தெளிவு. நீரில் கரைத்துக் குட்டைக்கு அனுப்பியதைக் குட்டைச் சாம்பல் என்போம்.

அவிக்கும் கலத்துக்குத்தான் (ஆட்டோகிளேவ்) இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘அழுத்தக் கொதிகலன்’ பாய்லரோடு குழம்பும். ‘அவிகலன்’ என்று ஒன்று தோன்றுகிறது. மருத்துவமனையில் கருவிகளைத் தூய்மைப்படுத்தும் ஆட்டோகிளேவுக்கும் அது ஒத்துவருமா என்று மருத்துவத் துறை நண்பர்கள் சொன்னால், இரண்டு பதிவுகளையும் ஒன்றாகவே சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.