1908 நெல்லைக் கலகம்: அன்றைய பத்திரிகைகளை நூலகம் வழியாக எப்படித் தேடுவது?

பொருநைக்கரை (கேள்வி):
முனைவர் பட்ட ஆய்வுக்காக வ.உ.சி. கைதை எதிர்த்து 1908 மார்ச் 13இல் மூண்ட நெல்லைக் கலகம் பற்றி அந்த நாட்களிலேயே வெளிவந்த செய்திகள் வேண்டும். பல்கலைக்கழக நூலகத் தளத்தின் முகப்புத் தேடலில் பின்னாளில் எழுதப்பட்ட நூல்கள்தான் வருகின்றன. டைம்ஸ் ஆஃப் இந்தியா பழைய இதழ்கள் டேட்டாபேஸ் எங்கள் நூலகத்தில் உண்டு. அதில் 'திருநெல்வேலி' என்று ஆங்கிலத்தில் தேடினால் ஒன்றும் இல்லை. சுதேசமித்திரன், பாரதியின் 'இந்தியா' ஆகிய தமிழ் இதழ்கள் இரண்டையும் எங்கே, எப்படித் தேடுவது?

சுருள்35:
முகப்புத் தேடல் பெட்டியை விட்டுவிடுங்கள். பழைய பத்திரிகையைப் பொறுத்தவரை அதற்குப் பெரும்பாலும் இதழின் பெயர் மட்டும்தான் தெரியும், உள்ளே இருக்கும் செய்தி தெரியாது. டேட்டாபேஸ் பட்டியலுக்குப் போய் அந்தப் பத்திரிகையை நேரடியாகத் திறந்து, தேதி வரம்பை 1908 மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை வையுங்கள். வ.உ.சி. கைதானது மார்ச் 12, தண்டனை ஜூலை 7. வழக்குச் செய்திகளும் அதற்குள் அடங்கிவிடும்.

அன்றைய ஆங்கிலத்தில் ஊர் 'டின்னெவெல்லி', தூத்துக்குடி 'டூட்டிகோரின்'. பிள்ளை என்பதை 'ஏ-ஐ' என்றும் 'ஏ-ஒய்' என்றும் முடிப்பார்கள். பத்தி குறுகலாக இருப்பதால் நீளமான ஊர்ப்பெயர் வரிக் கடைசியில் இரண்டாக உடையும், ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) அதை இரண்டு சொல்லாக எடுத்துக்கொள்ளும். ஆகவே 'டின்னெ' வரை அடித்து நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். அப்படியும் சிக்காவிட்டால் சொல்லே இல்லாமல் மார்ச் 14 முதல் 21 வரை ஒவ்வொரு இதழையும் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஒரு வாரத்து இதழ்கள்தான், ஒரே உட்காரலில் முடிந்துவிடும். தந்திச் செய்திகள் 'மெட்ராஸ்' என்ற தலைப்பின் கீழ் சிறு எழுத்தில் கிடக்கும், ஊர்ப்பெயர் தலைப்பில் இருக்காது.

பழந்தாள்:
தமிழ் இதழ்களுக்கு முதல் தடை கேட்லாக்தான். அமெரிக்க, ஐரோப்பிய நூலகங்கள் தமிழ்ப் பெயரை ஒலிப்படி எழுதுவதில்லை, எழுத்துக்கு எழுத்து மாற்றுகின்றன. 'ச'வுக்கு எஸ் கிடையாது, சி. 'த'வுக்கு வெறும் டி (T, D அல்ல), எச் சேராது. எனவே சுதேசமித்திரனை சி-யு-டி-இ-சி-ஏ-எம்-ஐ-டி-டி-ஐ-ஆர்-ஏ-என் என்று அடிக்க வேண்டும். பல நாட்டு நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டிலும் இப்படியே. 'இந்தியா' என்று மட்டும் தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். இதழ் வகை, மொழி தமிழ், வெளியான இடம் சென்னை, தொடங்கிய ஆண்டு 1906 என்று வடிகட்டுங்கள். 1908 இறுதியிலிருந்து அது புதுச்சேரியில் அச்சானது, அதையும் தனியாகப் பாருங்கள்.

பெயர் கிடைத்ததும் இருப்பு விவரத்தைப் பாருங்கள். '1904–1910' என்றிருந்தால் இடையில் எல்லாம் இருக்கிறது என்று பொருளில்லை. எந்தெந்த மாதம் உண்டு என்று நூலகருக்கு எழுதிக் கேட்டுவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தையும் டெல்லி தீன்மூர்த்தி நூலகத்தையும் முதலில் கேட்கலாம். சென்னை கன்னிமாரா நூலகத்தில் எல்லா நாளிதழும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வெளியீட்டாளர் அங்கே ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்ற நூல் ஒப்படைப்புச் சட்டம் வந்தது 1954இல், செய்தித்தாள் அதில் சேர்ந்தது 1956இல். 1908 இதழ் அங்கே இருந்தால் வேறு வழியாக வந்ததாகத்தான் இருக்கும்.

இன்னொன்று: இந்தியா சனிக்கிழமைதோறும் வந்த வார இதழ். மார்ச் 13 வெள்ளி. 14ஆம் தேதி இதழில் கலகத்தின் முழு விவரத்தை எதிர்பார்க்க வேண்டாம், 21, 28 இரண்டையும் கேளுங்கள். தமிழ்த் தேதி மட்டும் போட்ட பக்கம் கிடைத்தால் பிலவங்க வருடம் மாசி, பங்குனி என்று பொருத்திக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவில் கீலக பிறந்துவிடும்.

எழும்பூர் வாசகர்:
அசல் இதழைத் தேடும் முன் சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளைப் படித்துவிடுங்கள். சென்னை மாகாண அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வொரு வாரமும் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட இதழ்களைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கி அரசுக்குக் கொடுத்தவை. ஒவ்வொரு பத்தியிலும் இதழின் பெயரும் தேதியும் இருப்பதால் உங்களுக்கு அதுவே அட்டவணை. எந்தத் தேதி இதழைக் கேட்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். இதழ்களின் பட்டியலோடு எத்தனை பிரதி விற்றது என்பதையும் பல அறிக்கைகளில் காணலாம்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். நெறியாளர் கடிதம், துறைத் தலைவர் கையொப்பம், அடையாள அட்டை நகல் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இது இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்-ஆர்-5 வரிசை. ஆய்விதழ்த் தளமான ஜேஸ்டோரில் உள்ள தெற்காசியத் திறந்த ஆவணப் பகுதியிலும் மாகாணம், ஆண்டு கொடுத்துத் தேடிப் பாருங்கள், அதற்குச் சந்தா வேண்டாம்.

ஆனால் அறிக்கையில் உள்ள சுருக்கத்தையே சுதேசமித்திரன் எழுதியதாக மேற்கோள் காட்டிவிடாதீர்கள். அரசு எதைக் கண்டு பயந்ததோ அதைத்தான் மொழிபெயர்த்தார்கள். அசல் கிடைக்காதபோது 'அறிக்கையின் ஆங்கிலச் சுருக்கம்' என்று அடிக்குறிப்பில் தெளிவாகச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை:
மிக்க நன்றி. இதழ்களைச் சிறிதாகப் படமெடுத்த மைக்ரோஃபிலிம் சுருள் கிடைத்தால் ஸ்கேன் செய்து ஓசிஆர் போட்டுத் தேட முடியுமா?

சுருள்35:
1908 தமிழ் அச்சுக்கு அதை நம்ப வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை, ளை எல்லாம் வேறு வடிவம். இன்றைய எழுத்தில் பழகிய மென்பொருள் தடுமாறும். காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும் அச்சும் உண்டு. கண்ணால் படிப்பதே வேகம்.

ஸ்கேன் எடுக்கும்போது கறுப்பு–வெள்ளையில் எடுக்காமல் சாம்பல் நிறத்தில், 400 டிபிஐயில் எடுங்கள். கறுப்பு–வெள்ளையில் மங்கிய புள்ளிகள் மறைந்துவிடும், மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். பைண்டிங் மடிப்பில் நிழல் விழுந்த பத்தியை வெளிச்சம் கூட்டி இரண்டாவது முறை எடுங்கள். இதழ் இல்லாத நாளுக்குப் படச்சுருளில் 'இதழ் இல்லை' என்ற அறிவிப்புப் படம் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், தேடியும் இல்லை என்பதற்கு அதுதான் சான்று. சுருள் எண், தேதி, பக்கம், பத்தி நான்கையும் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பெட்டியைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடித்தால் படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது. கருவியில் மாட்டாமல் முதலில் நூலகரிடம் காட்டுங்கள்.