ஆட்லி ஹாரிசன்: அந்த ஒரு குத்தையே எத்தனை நாள் எண்ணுவீர்கள்?

இடதுகை:
ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் ஆன்டனி ஜோஷுவா பற்றிய இழையில் கணக்கர் போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "ஹாரிசன் ஒரு காலத்தில் பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட வீரர் என்றெல்லாம் எழுதாதீர்கள், உலகப் பட்டச் சண்டையில் மொத்தமே ஒரு குத்து குத்தியவர் அவர்." அங்கே பதில் சொன்னால் இழை திசைமாறும், அதனால் இங்கே எழுதுகிறேன். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கஜகஸ்தானின் தில்தாபெகோவை 30-16 என்று வென்று மிகக் கனமான எடைப் பிரிவான சூப்பர் ஹெவிவெயிட்டில் தங்கம் வாங்கியவர் இவர். அதற்கு முன் பிரிட்டனுக்குக் குத்துச்சண்டையில் தங்கம் கிடைத்தது 1968 மெக்சிகோவில், கிறிஸ் ஃபின்னெகன் மூலம். நடுவில் 32 வருடம் ஒன்றும் இல்லை. ஆறரை அடியை நெருங்கும் உயரம், இடதுகை ஆட்டம், நீளமான கை. பிபிசி பத்து லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டுத் தூக்கிக்கொண்டு போனது. இந்த ஆளை யாருமே எதிர்பார்க்கவில்லை என்று எப்படி ஐயா எழுத மனம் வருகிறது?

கணக்கர்:
எதிர்பார்த்தார்கள், யார் இல்லை என்றார்கள். நான் சொன்னது வேறு. 2010 நவம்பர் 13, மான்செஸ்டர், எதிரே அப்போதைய உலகச் சாம்பியன் டேவிட் ஹே. மூன்றாவது சுற்றில் சண்டை முடிந்தது. ஹாரிசன் அடித்ததில் எதிராளி மேல் பட்டது ஒன்று. ஒன்று! நீங்கள் சிட்னிக்குப் போனாலும் சரி, மெக்சிகோவுக்குப் போனாலும் சரி, அந்த எண்ணிக்கை மாறப்போவதில்லை.

இடதுகை:
எண்ணிக்கை மாறாது, சரி. அந்த நிலைக்கு எப்படி வந்தார் என்பதைப் பார்க்க மாட்டேன் என்கிறீர்களே, அதுதான் என் கோபம். அதே 2010 ஏப்ரலில் மைக்கேல் ஸ்ப்ராட்டுடன் ஐரோப்பியப் பட்டத்துக்குச் சண்டை. வலது மார்புத் தசை கிழிந்துவிட்டது. அந்தக் கைதான் இடதுகை ஆட்டக்காரருக்கு முன்கை, ஜேப் போடுகிற, அதாவது நேராக நீட்டிக் குத்தி எதிராளியைத் தள்ளி நிறுத்துகிற கை. அது இல்லாமல், புள்ளியிலும் பின்தங்கி, கடைசியான பன்னிரண்டாவது சுற்றில் இடது கையால் ஒரே அடி. ஸ்ப்ராட் விழுந்து எழவில்லை. அந்த ஒரு குத்தை ஏன் எண்ண மாட்டீர்கள்?

வெம்ப்ளிவாசி:
அண்ணே, அதே ஸ்ப்ராட் 2007இல் வெம்ப்ளியில் இவரை மூன்றாவது சுற்றிலேயே படுக்கவைத்தாரே, அதையும் சேர்த்து எழுதுங்கள். அதுவும் முதல் சுற்றில் ஹாரிசன் அவரைக் கீழே தள்ளிய பிறகு. விழுந்தவனை முடிக்கத் தெரியாத ஆளுக்கு உயரம் இருந்தென்ன, கை நீளம் இருந்தென்ன.

மணியடிச்சான்:
ஹே சண்டையை நேரலையில் பார்த்தவன் நான். முதல் இரண்டு சுற்றிலும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள், கூட்டம் ஊளையிட்டது, நடுவரே சண்டை போடுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஹேயும்தான் சும்மா நின்றார். அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கணக்கர்:
ஹே சும்மா நின்றது முதல் இரண்டு சுற்று. மூன்றாவதில் முடித்துவிட்டார். ஹாரிசன் மூன்றிலும் நின்றார். ஒரு குத்து. சண்டை முடிந்ததும் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் அவருடைய சம்பளத்தையே நிறுத்தி வைத்தது, தெரியுமா? முயற்சியே செய்யவில்லை என்று வாரியத்துக்கே சந்தேகம் வந்த சண்டை அது.

இடதுகை:
நிறுத்தி வைத்தது மட்டும் தெரிகிறது, விசாரணைக்குப் பிறகு விடுவித்தது தெரியவில்லையா? அடுத்த மாதமே கொடுத்துவிட்டார்கள். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்குவது உங்கள் பழக்கம். நசீம் ஹமீது இழையில் அவரைத் தோற்கடித்த பரேரா பற்றி எழுதும்போதும் இதைத்தான் செய்தீர்கள்.

கணக்கர்:
ஹமீது இழையை இழுக்காதீர்கள். 2001இல் லாஸ் வேகாஸில் பரேரா ஜெயித்தது மூன்று நடுவர்களும் ஒப்புக்கொண்ட வெற்றி என்றேன். நீங்கள்தான் அன்று மூன்று நாள் சாமியாடினீர்கள். ஹமீதாவது 37 சண்டையில் ஒரே ஒரு தோல்வி, உலகப் பட்டம் வைத்திருந்தவர். உங்கள் ஆள் 38 சண்டையில் ஏழு தோல்வி. அதில் உலகப் பட்டச் சண்டை ஒன்று, அதில் குத்தும் ஒன்று.

வெம்ப்ளிவாசி:
:) ஒன்றுக்கு ஒன்று சரியாகத்தான் இருக்கிறது

இடதுகை:
சிரித்துவிட்டுப் போகலாம் தம்பி, ஆனால் 31 வெற்றியில் 23 நாக்அவுட் என்பதையும் படித்துவிட்டுச் சிரிக்கலாம். நான் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். ஹாரிசன் தங்கம் வாங்கும்போது அவருக்கு 29 ஆகப்போகிறது. ஜோஷுவா 2012இல் லண்டனில் அதே தங்கத்தை வாங்கும்போது 22. இந்த ஆறு வருடம் ஹெவிவெயிட்டுக்கும் பெரிய வித்தியாசம். அடுத்தது, ஜோஷுவாவுக்குப் பின்னால் சண்டைகளை ஏற்பாடு செய்து நடத்தும் அனுபவமுள்ள புரமோட்டர் இருந்தார், யாருடன் எப்போது மோத வேண்டும் என்று ஆள் பார்த்துக் கொடுத்தார்கள், பதினாறாவது சண்டையில் சார்ல்ஸ் மார்ட்டினை இரண்டாவது சுற்றில் சாய்த்து உலகப் பட்டம் வந்துவிட்டது. ஹாரிசன் என்ன செய்தார்? புரமோட்டர்கள் குத்துச்சண்டை வீரர்களை உறிஞ்சிவிடுகிறார்கள் என்று நினைத்து, தானே ஏ-ஃபோர்ஸ் என்று கம்பெனி தொடங்கி, தானே எல்லாம் பார்த்தார். தன் உழைப்புக்குத் தானே முதலாளியாக இருக்க நினைத்தது தப்பா? இளவயதில் சீர்திருத்தச் சிறைக்குப் போய்வந்து, பிறகு புரூனெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய மனிதர் அவர். யாருக்கும் கை கட்டி நிற்கக் கூடாது என்ற வைராக்கியம் அவருக்கு இருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த வைராக்கியம்தான் அவர் தொழிலைக் கெடுத்தது என்பதும் உண்மை, ஏனென்றால் பணம் போடுகிறவனே சண்டையும் போட்டால் கடினமான எதிராளியை யார் தேர்ந்தெடுப்பார்கள்? 2001 மே மாதம் முதல் சண்டையில் எதிரே வந்தவர் மைக் மிடில்டன், ஃபுளோரிடாவில் துப்பறியும் வேலை பார்த்தவர். முதல் சுற்றிலேயே முடிந்தது. நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது, ஏமாந்தது. அன்றைக்கு விழுந்த பெயர் கடைசி வரை போகவில்லை. அதன்பின் அவர் எதைச் செய்தாலும் கேலி.

மணியடிச்சான்:
கடினமான எதிராளி வந்தபோது என்ன ஆயிற்று? 2005 டிசம்பர், டேனி வில்லியம்ஸ். முந்தைய வருடம் மைக் டைசனையே சாய்த்தவர். பத்தாவது சுற்றில் ஹாரிசன் கீழே. புள்ளியில் தோல்வி. கூட்டம் அன்றைக்கும் ஊளைதான்.

இடதுகை:
ஒரு வருடம் கழித்து அதே வில்லியம்ஸை மூன்றாவது சுற்றில் மூக்கை உடைத்து அனுப்பினாரே, அது?

மணியடிச்சான்:
முதலில் மோதவிருந்த ஸ்கெல்டன் விலகியதால் கடைசி நேரத்தில் வந்து நின்ற வில்லியம்ஸ் அது. உடம்பைப் பார்த்தாலே தெரிந்தது தயாராக வரவில்லை என்று.

இடதுகை:
தோற்றால் ஹாரிசன் மோசம், ஜெயித்தால் எதிராளி மோசம். நல்ல நியாயம்.

கணக்கர்:
இவ்வளவு நீளமாக எழுதுகிறீர்களே, நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. ஹே மீது பட்டது ஒன்றா, இல்லையா?

இடதுகை:
ஒன்று என்று எண்ணியது டிவிக்குக் கணக்கு எடுத்தவர்கள். கையுறையில் பட்டது, தோளில் உரசியது எதுவும் அதில் வராது. ஒரு வீரரின் பத்து வருடத்தை அந்தக் காகிதத்தில் இருக்கும் ஒரு எண்ணை வைத்து முடித்துவிடுகிறீர்கள்.

கணக்கர்:
ஆக ஒன்றுதான். நன்றி.

முத்துநகரான்:
நான் இந்தப் பக்கம் அதிகம் எழுதுவதில்லை, ஒரு விஷயம் மட்டும். 2004 ஏதென்ஸுக்கு பிரிட்டனிலிருந்து போன ஒரே குத்துச்சண்டை வீரர் அமீர் கான், 17 வயதில் வெள்ளி வாங்கினார். அதன்பின் லண்டனில் ஜோஷுவா. இந்த அணிக்கு விளையாட்டுக்கென ஒதுக்கும் தேசிய லாட்டரிப் பணம் பெருகியதற்கு ஹாரிசனின் தங்கமும் ஒரு காரணம். பிரிட்டனுக்காக சூப்பர் ஹெவிவெயிட்டில் முதல் தங்கம் அவருடையது. அதைப் பேசுங்கள்.

வெம்ப்ளிவாசி:
லெனாக்ஸ் லூயிஸ் 1988 சியோலிலேயே வாங்கிவிட்டாரே. லண்டனில் பிறந்தவர்தானே.

முத்துநகரான்:
அவர் வாங்கியது கனடாவுக்காக. இறுதியில் ரிடிக் போவை வீழ்த்தினார், கழுத்தில் பதக்கம், ஏறியது கனடாக் கொடி. பிறந்த ஊர் வேறு, கொடி வேறு.

வெம்ப்ளிவாசி:
அப்புறம் அதே லூயிஸை உலகச் சாம்பியன் ஆனதும் பிரிட்டிஷ்காரர் என்று கொண்டாடியது யார்? வசதிக்கு ஒரு கொடியா?

மணியடிச்சான்:
லூயிஸ் பற்றிப் பேச வேண்டுமானால் வேறு இழை தொடங்குங்கள். அமீர் கானையும் இதில் இழுக்காதீர்கள், அவர் 22 வயதில் உலகப் பட்டம் வாங்கியவர், ஹாரிசன் கூட வைத்துப் பேசுவதே அவமானம்.

முத்துநகரான்:
நான் யாரையும் யாரோடும் ஒப்பிடவில்லை ஐயா. படிக்காமலே பதில் எழுதுகிறீர்கள்.

இடதுகை:
முத்துநகரான் சொன்னதைத்தான் நானும் கத்திக்கொண்டிருக்கிறேன். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் நடந்த பாதையில் முள்ளை எடுத்துப்போட்டவர் அவர், குத்துப்பட்டதும் அவர்தான். 2008இல் பெல்ஃபாஸ்டில் டாக்ஸி ஓட்டிய மார்ட்டின் ரோகனிடம் புள்ளியில் தோற்றபோது எல்லோரும் முடிந்தது என்றார்கள். அடுத்த வருடம் ப்ரைஸ்ஃபைட்டர் போட்டியில் ஒரே இரவில் மூன்று பேரை ஜெயித்துத் திரும்பி வந்தார். மார்பு கிழிந்தும் ஐரோப்பியப் பட்டம். 39 வயதில், 32ஆவது சண்டையில் உலகப் பட்ட வாய்ப்பு. 2012இல் டேவிட் பிரைஸ் 82 நொடியில் சாய்த்தார், நாலு மாதத்தில் மறுபடி ப்ரைஸ்ஃபைட்டர் ஜெயித்தார். 2013இல் வைல்டர் 70 நொடியில் முடித்தார். கடைசியில் தலையில் வாங்கிய அடிகளின் விளைவைக் காரணம் காட்டி 2015இல் விலகினார். அடி வாங்காதவருக்கு மூளையில் காயம் எப்படி வரும்? பயந்தாங்கொள்ளி என்று எழுதுகிறவர்கள் இதை மட்டும் யோசிக்கட்டும்.

வெம்ப்ளிவாசி:
82 நொடி, 70 நொடி என்று நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

கணக்கர்:
பயந்தாங்கொள்ளி என்று நான் எழுதவே இல்லை. மேலே போய்ப் பாருங்கள். நான் எழுதியது ஒரு எண். நடுவில் 2011இல் டிவி நடனப் போட்டிக்குப் போனாரே, அங்கே எடுத்து வைத்த அடிகளையும் சேர்த்து எண்ணித் தரவா?

இடதுகை:
கேலி செய்யத் தெரிகிறது, ரிங்கில் ஏறத் தெரியுமா? கையுறை போட்டு ஒரு சுற்று நின்றிருக்கிறீர்களா? எதிரே உள்ளவன் எப்போது பாய்வான் என்று தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று நின்றவனுக்குத்தான் தெரியும். தோள் கனக்கும், வாய் உலரும், அடிக்க நினைத்த கை அடிக்காது.

கணக்கர்:
நின்றிருக்கிறேன். குத்தியும் இருக்கிறேன். ஒன்றுக்கு மேல்.

மணியடிச்சான்:
இடதுகை, ஸ்ப்ராட் முதல் சண்டைக்கு நீங்கள் இன்னும் பதிலே சொல்லவில்லை. கீழே விழுந்தவரை ஏன் முடிக்கவில்லை?

இடதுகை:
முடிக்கப் போனதால்தான் திறந்து நின்றார், ஸ்ப்ராட் வளைத்து அடித்த இடது ஹூக் மாட்டியது. போனால் அவசரக்காரர், போகாவிட்டால் கோழை. ஹே சண்டையில் ஏன் காத்திருந்தார் என்பதற்கும் இதுதான் பதில், யாராவது கேட்டால்தானே.

வெம்ப்ளிவாசி:
லூயிஸ் விஷயத்துக்கு முத்துநகரான் இன்னும் பதில் சொல்லவில்லை.

முத்துநகரான்:
சொல்லிவிட்டேன். கனடா.

கணக்கர்:
காத்திருந்தாராம். மூன்று சுற்று காத்திருந்து ஒன்று.