மால்ட்: 'முளைதானியம்' போதுமா? (கலைச்சொல் பரிந்துரை: முளையுணங்கல்)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்து விஸ்கி பற்றிய கட்டுரையைத் தமிழில் எழுதும்போது முதல் வரியிலேயே 'மால்ட்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன், அதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று எழுதியிருந்தேன். இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு நன்றி. இரண்டைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும்.

> மால்ட் என்றால் முளைகட்டிய தானியம், அவ்வளவுதான். 'முளைதானியம்' என்று வைத்துவிடலாம்.

எளிமையான சொல்தான். ஆனால் அது பாதி வேலையைத்தான் சொல்கிறது. மால்ட் செய்கிறவருக்கு முளைக்க வைப்பது எவ்வளவு முக்கியமோ, அதைச் சரியான நேரத்தில் நிறுத்துவதும் அவ்வளவு முக்கியம்.

பழைய முறையைப் பாருங்கள். பார்லியை இரண்டு மூன்று நாள் நீரில் ஊறப்போட்டு வடிப்பார்கள். பிறகு நீண்ட கல்தரைக் கூடத்தில் பரப்பிவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் அது அங்கேயே கிடக்கும். முளைக்கிற தானியம் மூச்சு விடும், சூடேறும்; அப்படியே விட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய்போல ஆகிவிடும். அதனால் இரவும் பகலும் மரச்சட்டுவத்தால் அள்ளிப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவர்களுக்கு ஒரு தோள் இறங்கிப்போகும். 'குரங்குத் தோள்' என்று அதற்குப் பெயரே உண்டு. கேம்பல்டவுன் ஊரின் ஸ்பிரிங்பேங்க், ஐலா தீவின் பொமோர் போன்ற சில ஆலைகளில் இந்தத் தரை இன்னும் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் எந்திரத்தில் செய்த மால்ட்டை வெளியிலிருந்து வாங்குகின்றன.

எப்போது நிறுத்துவது? ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் மாவு சுண்ணக்கட்டிபோல நொறுங்க வேண்டும். அதைக்கொண்டு சுவரில் கோடு இழுக்க முடிந்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள். தண்டுமுளை உமிக்குள்ளேயே, மணியின் நீளத்தில் முக்கால் பங்குக்கு ஓடியிருக்கும். இன்னும் ஒன்றிரண்டு நாள் விட்டால் செடி தன் சோற்றைத் தானே தின்றுவிடும், சாராயத்துக்கு மாவு மிஞ்சாது. உடனே உலர்த்தும் சூளைக்கு ஏற்றிவிட வேண்டும். சூளைக்கு ஏறும்போது ஏறக்குறைய 45 விழுக்காடு ஈரம் இருக்கும், இறங்கும்போது 5 விழுக்காடு அளவுக்கு வந்துவிடும். ஏறுவதற்கு முன் இருப்பதை அந்தத் தொழிலில் 'பச்சை மால்ட்' என்பார்கள். நம் 'முளைதானியம்' அதைத்தான் குறிக்கும். சந்தையில் விற்கும் முளைகட்டிய பயறும் அதுவே.

> அப்படியானால் 'முளைவறுவல்'. வறுத்துத்தானே நிறுத்துகிறார்கள்?

இதை எழுதிய நண்பர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார், ஆனால் 'வறு' கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன். முளைக்கும்போது பார்லி அமைலேஸ் என்னும் நொதிகளை உண்டாக்குகிறது. மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைப்பவை அவைதாம். சூளையின் வேலை முளையைக் கொல்வது. நொதிகளைக் கொல்லாமல் உறங்க வைப்பது. அதனால்தான் ஈரம் இருக்கும்வரை சூடு மெதுவாகவே ஏற்றப்படும். பின்னர் அரைத்த மால்ட்டில் 63, 64 பாகை வெந்நீர் ஊற்றும்போது அந்த நொதிகள் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். நன்றாக வறுத்துவிட்டால் நொதி செத்துப்போகும். கறுப்பு பியருக்கு நிறமூட்ட அப்படிக் கறுக வறுத்த மால்ட்டைச் சேர்ப்பார்கள். அந்த மால்ட்டால் தனியாகச் சர்க்கரை உண்டாக்க முடியாது.

ஆக, முளைக்க வேண்டும், ஈரம் போக வேண்டும், கருகக் கூடாது. மூன்றும் ஒரு சொல்லுக்குள் வர வேண்டும்.

என் பரிந்துரை முளையுணங்கல். செயலுக்கு முளையுணக்கல்.

உணங்குதல் என்றால் உலர்தல், வாடுதல். 'உணங்கல்' என்ற பெயர்ச்சொல்லுக்கு உலரவைத்த தானியம், உணவுப்பண்டம் என்ற பொருள் பழைய தமிழிலேயே உண்டு. எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் இது பேச்சில் உயிரோடு இருக்கும் சொல். "நெல்லு உணங்கிட்டா?", "துணிய எடுத்து உணக்கப் போடு" என்று வீட்டில் தினமும் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே அகராதியில் தூசி தட்டி எடுத்த சொல் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாடுதல் என்ற பொருளும் இங்கே கைகொடுக்கிறது, முளை வாடத்தானே செய்கிறது?

அம்மா எங்களுக்குக் கேழ்வரகு மாவு செய்தது இதே முறைதான். ராத்திரி முழுக்க ஊறவைத்து, வெள்ளைத் துணியில் இறுக்கி மூட்டை கட்டி, அடுக்களை மூலையில் வைப்பார். மறுநாள் துணியின் இழைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும். அவிழ்க்கும்போது உள்ளே கதகதவென்று இருக்கும், மண்ணும் பாலும் கலந்தாற்போல ஒரு மணம். நிழலில் உணக்கி, வாணலியில் கை பொறுக்கும் சூட்டில் ஒரு புரட்டு புரட்டி, அரைக்கக் கொடுப்பார். அந்த மாவில் கூழ் காய்ச்சினால் சாதாரண கேழ்வரகு மாவுபோலக் கெட்டிப்படாது, நீர்த்தே இருக்கும். குழந்தை எளிதாக விழுங்கும். ஸ்காட்லாந்துத் தொட்டியில் நடக்கும் அதே அமைலேஸின் வேலைதான் இதுவும். கடையில் அதை 'ராகி மால்ட்' என்று விற்கிறோம். ஆகவே இந்தச் சொல் விஸ்கிக் கட்டுரைக்கு மட்டுமான தேவை இல்லை.

> விஸ்கி என்று எழுதினால் போதுமே, மால்ட்டை ஏன் இவ்வளவு துருவ வேண்டும்?

வரலாறே அந்தச் சொல்லில் இருப்பதால்தான். ஸ்காட்லாந்தில் இந்த மதுவைப் பற்றிக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று 1494-ஆம் ஆண்டைச் சேர்ந்த அரசுக் கணக்கு. மன்னர் ஆணைப்படி அக்வா விட்டே (லத்தீனில் 'உயிர்நீர்', அதாவது வடித்த மது) செய்ய ஜான் கோர் என்ற துறவிக்கு எட்டு 'போல்' அளவு மால்ட் கொடுக்கப்பட்டது என்பதுதான் அந்தப் பதிவு. 1725-இல் கிளாஸ்கோவில் கலவரம் மூண்டது மால்ட் மீது போட்ட வரியால். அயர்லாந்தில் மால்ட் வரியின் சுமையைக் குறைக்க முளைக்காத பார்லியையும் கலக்கத் தொடங்கினார்கள். அங்கே ஒரு தனி விஸ்கி வகையே அதிலிருந்து வளர்ந்தது. மால்ட் என்ன என்று புரியாமல் இதில் எதை விளக்க முடியும்?

'விஸ்கி'யை அப்படியே விடலாம். கேலிக் மொழியின் 'உஷ்கே பாஹா', அதாவது உயிர்நீர், திரிந்து வந்த சொல் அது. அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.

'சிங்கிள் மால்ட்' மட்டும் கவனம். 'ஒற்றை முளை' என்று சில இடங்களில் பார்த்தேன், தவறு. ஒரே வகைப் பார்லி, ஒரே பீப்பாய் என்றெல்லாம் அதற்குப் பொருள் கிடையாது. ஒரே ஆலையில், முளையுணங்கல் பார்லியை மட்டும் கொண்டு, செம்புப் பானை வடிகலத்தில் வடித்தது என்பதே பொருள். பல பீப்பாய்களின் சரக்கு அதில் கலந்திருக்கும். 'ஓராலை முளையுணங்கல் விஸ்கி' என்று எழுதலாம்.

மற்றவற்றுக்குப் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த, இன்னும் வடிக்காத நீர்மத்துக்கு 'ஊறல்' இருக்கிறது. 'சாராய ஊறல் அழிப்பு' என்று செய்தித்தாளில் வாரம் ஒருமுறையாவது வருகிறதே. குற்றச்செய்தியில் புழங்குகிறது என்பதற்காக நல்ல தொழிற்சொல்லை ஒதுக்கக் கூடாது. வடிக்கும் கலத்துக்குச் சித்த மருத்துவத்தின் 'வாலை'. உணக்கும்போது பீட் என்னும் சதுப்புநிலக் கரிமண்ணை எரித்துப் புகை ஏற்றியதற்குப் 'புகையூட்டிய முளையுணங்கல்'; ஐலா விஸ்கியின் புகைமணம் அங்கிருந்துதான் வருகிறது.

நீளம்தான் எனக்கும் கொஞ்சம் இடிக்கிறது. 'முளையுணங்கல்' ஆறேழு முறை ஒரே பத்தியில் வந்தால் வாய் களைக்கும். முதல் முறை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் 'உணங்கல்' என்று மட்டும் எழுதலாமா?

கொங்கு, தருமபுரிப் பக்கத்து நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகுக்கு, அரைப்பதற்கு முன் உங்கள் வீட்டில் ஏதாவது தனிப்பெயர் சொல்வார்களா? இருந்தால் என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதையே வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்.