டிரம்மரே பாடகர், அவர் விலகினால்? அண்டரோத் செய்ததும் நம்ம கையில் இருப்பதும்

மத்திகிரி_டிராப்டி (ஒசூர்)

அண்ணன்களுக்கு வணக்கம். அஞ்சு பேர் போஸ்ட்-ஹார்ட்கோர் (கத்தலும் பாட்டும் கலந்த கனமான ராக்) குழு. டிரம்மர்தான் கோரஸ் பாடுறவரும். அடுத்த மாசம் விலகுறார். சண்டை இல்லை, வேலை மாற்றம். மிச்சம் இருக்கிறது கத்துறவர் ஒருத்தர், கிட்டார் ரெண்டு, பேஸ் ஒண்ணு. ரெண்டாவது கிட்டாரிஸ்டுக்குப் பாட வரும், ஆனா டிரம்மர் எட்டுற உச்சத்துக்கு ரெண்டு ஃப்ரெட் (ரெண்டு அரைச்சுரம்) கீழேயே குரல் நின்னுடுது.

கையில 9 பாட்டு: 7 டிராப் டி (ஆறாவது கம்பியை மட்டும் டி-க்கு இறக்கின கிட்டார் டியூனிங்), 2 டிராப் சி (எல்லாக் கம்பியும் அதுக்கும் ரெண்டு ஃப்ரெட் கீழே). ஜூன் கடைசியில கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மேடை, 25 நிமிஷம். ஏழு வாரம் இருக்கு.

அமெரிக்க ராக் குழு அண்டரோத்துக்கும் 2010-ல இதே நிலைமைதானே? ஆரோன் கில்லெஸ்பி டிரம்ஸும் கிளீன் குரலும் (கத்தாம மெட்டோட பாடுறது) சேர்ந்த ஆள். அவங்க எப்படிச் சமாளிச்சாங்க? பாடத் தெரிஞ்ச டிரம்மரையே தேடணுமா? சுருதியை இறக்கலாமா? இல்லை, பழைய கோரஸ் பதிவையே பின்னாடி ஓட விடலாமா?

தொப்பூர்க்கணவாய் (தருமபுரி)

தம்பி, அண்டரோத்தில் நடந்தது ஒரு மாற்றம் அல்ல, இரண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

1997-ல் ஃப்ளோரிடாவில் தொடங்கியபோது கத்தியவர் டல்லஸ் டெய்லர். 1999, 2000, 2002 ஆண்டுகளில் வந்த முதல் மூன்று ஆல்பங்களில் ஒலிப்பது அவர் குரல். 2003-ல் அவர் போனதும் ஸ்பென்சர் சேம்பர்லெய்ன் வந்தார். டெய்லர் போலவே கத்து என்று அவரிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 2004-ல் வந்த 'தே ஆர் ஒன்லி சேஸிங் சேஃப்டி' கேட்டாலே புரியும். பழைய மெட்டல் கனம் குறைந்து, ஸ்பென்சர் கத்த ஆரோன் பாட, இரண்டு குரலும் கேள்வி பதில் போல மாறி மாறி வருகிறது. இன்று பலரும் அண்டரோத் என்றால் நினைப்பது இந்த அமைப்பைத்தான். ஆள் மாறிய பிறகு பிறந்த அமைப்பு அது. 2006-ல் 'டிஃபைன் த கிரேட் லைன்' பில்போர்டு 200 பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்ததும் இதே ஆட்களோடுதான்.

2010-ல் ஆரோன் விலகியதும் தொடக்க கால ஆள் ஒருவர்கூடக் குழுவில் மிச்சம் இல்லை. அவர்கள் பாடும் டிரம்மரைத் தேடவில்லை. டிரம்ஸுக்கு நார்மா ஜீன் குழுவில் வாசித்த டேனியல் டேவிசன் வந்தார். பாட்டு, கத்தல் இரண்டையும் ஸ்பென்சரே எடுத்துக்கொண்டார். ஒருவர் செய்த இரண்டு வேலை இரண்டு பேருக்குப் பிரிந்தது. அந்த ஆண்டே வந்த 'டிஸ்அம்பிகுவேஷன்' ஆல்பத்தில் இனிமையான கோரஸ் குறைவு, இருட்டு அதிகம். ஆரோன் இல்லாத ஒரே அண்டரோத் ஆல்பம் அதுதான். என் காதுக்கு அது குறையாகப் படவில்லை, ஆனால் சேஃப்டி ஆல்பத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது வேறு குழுதான். 2013 ஜனவரியோடு கலைந்தார்கள். 2015-ல் ஆரோனோடு திரும்பி, 2018-ல் 'இரேஸ் மீ' வெளியிட்டார்கள்.

நேர் எதிரான கதை செயோசின் குழுவுடையது. 2003 இபி-யில் (சில பாட்டு மட்டும் உள்ள குறும்பதிவில்) பாடிய ஆன்டனி கிரீன் 2004-ல் போனார். அதே மாதிரி உச்சக்குரல் உள்ள கோவ் ரீபரைப் பிடித்தார்கள். 2006, 2009 ஆல்பங்கள் நன்றாகவே இருந்தும், ஒப்பீடு அவரை விட்டுப் போகவில்லை. 2010-ல் அவரும் வெளியே. 2014-ல் கிரீனே திரும்பி வந்தார்.

அலெக்ஸிஸான்ஃபயர் குழு 2005-ல் டிரம்மரை மாற்றியது, ஓட்டம் நிற்கவில்லை. கிளீன் பாடிய டல்லஸ் கிரீன் விலகுவதாகச் சொன்னதும் 2011-ல் கலைப்பையே அறிவித்தார்கள். 2015-ல் திரும்பியபோதும் அதே ஐந்து பேர். டிரம்மர் போவதும் கிளீன் குரல் போவதும் ஒரே எடை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம். உங்களுக்கு இரண்டும் ஒரே ஆளாகப் போகிறது.

அதனால் பாடும் டிரம்மரைத் தேடாதீர்கள். அடிக்கும் டிரம்மரைத் தேடுங்கள். ஏழு வாரத்தில் அது ஒன்றுதான் நடக்கும்.

காவேரிப்பட்டணம்_பெடல்போர்டு

சுருதிக் கணக்கு நான் சொல்றேன்.

ரெண்டு ஃப்ரெட் இறக்கினா கம்பியோட இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும். அதே விறைப்பு வேணும்னா கம்பி சுமார் 12 சதவீதம் தடிக்கணும். இப்ப டிராப் டி-க்கு 10-52 செட் (மெல்லிசு கம்பி, தடிச்ச கம்பியோட தடிமன், அங்குலத்துல ஆயிரத்தில் எத்தனை பங்குன்னு) போட்டிருந்தா, டிராப் சி-க்குக் கணக்குப்படி 11-58. கடையில 11-56 இல்லாட்டி 12-60 கிடைக்கும். அழுத்தி அடிக்கிற கை வலுவா இருந்தா 12-60, லீட் வாசிக்கிறவருக்கு 11-56. பழைய கம்பியிலேயே இறக்கினா ஆறாவது கம்பி தளர்ந்து, ஓங்கி அடிச்ச வினாடியில சுருதி மேலே போய் அப்புறம்தான் கீழே வந்து உட்காரும். ரெண்டு கிட்டாரும் அப்படிச் செஞ்சா பிரேக்டவுன் (வேகம் குறைஞ்சு கனமா அடிக்கிற பகுதி) முழுக்க அபசுரம்தான்.

தடிச்ச கம்பி நட் (கிட்டார் தலைப்பக்கம் கம்பி உட்காருற பட்டை) பள்ளத்துல சிக்கும். டியூன் பண்ணும்போது 'டிங்'னு ஒரு சத்தம் வந்தா அதுதான் அறிகுறி. பள்ளத்தை அகலப்படுத்தணும், ஆழப்படுத்தக் கூடாது. அப்புறம் 12-வது ஃப்ரெட்டுல அழுத்தின சுரத்தையும் ஹார்மோனிக்கையும் (கம்பியை லேசா தொட்டு எழுப்புற சுரம்) ஒப்பிடுங்க. அழுத்தினது கூடுதலா காட்டினா சேடிலை (பிரிட்ஜ்ல கம்பி உட்காருற துண்டு) பின்னுக்குத் தள்ளணும். ஃப்ளாய்ட் ரோஸ் (ஸ்பிரிங்ல நிக்கிற பிரிட்ஜ்) இருந்தா ஸ்பிரிங்கையும் சரி பண்ணணும். அந்த வேலைக்கு அரை நாள் ஒதுக்குங்க, மேடைக்கு முந்தின நாள் வேண்டாம்.

பேஸை மறந்துடாதீங்க. நாலாவது கம்பி 105-ஆ இருந்தா 115-ஆவது போடணும். பேஸோட டி சுமார் 36.7 ஹெர்ட்ஸ், சி சுமார் 32.7 ஹெர்ட்ஸ். நம்ம ஊர் வாடகை பாக்ஸ் பலதும் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் தராது. அடிச்சுரம் காணாம போகும், மேல்சுரத்தை வெச்சுத்தான் காது கண்டுபிடிக்கும். அதனால பாட்டத்தை (கீழ் அலைவரிசையை) கூட்டாம 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் தூக்குங்க.

இப்ப 7 டிராப் டி பாட்டும் டிராப் சி ஆயிடுது, விரல் வடிவம் ஒண்ணுமே மாறாது. ஏற்கெனவே டிராப் சி-யில இருக்கிற ரெண்டு பாட்டை இன்னும் கீழே இறக்காதீங்க. இன்னொரு 20 சதவீதம் போனா அந்தக் கம்பியில வாசிக்கவே முடியாது. அந்த ரெண்டுலயும் கோரஸ் மெட்டோட உச்சச் சுரத்தை மட்டும் மாத்துங்க, அதே கார்டுல அடுத்த கீழ்ச் சுரம் ஒண்ணு இருக்கும். மொத்த செட்டும் ஒரே டியூனிங் ஆனதுல இன்னொரு லாபம், 25 நிமிஷத்துல பாட்டுக்குப் பாட்டு டியூனரைக் குனிஞ்சு பார்த்துட்டு நிக்க வேண்டாம்.

சவுண்டுகார_மாமா (பாலக்கோடு)

பழைய கோரஸ் பதிவை ஓட விடுறது பத்தி. செய்யலாம், ஆனா பின்னணியா மட்டும். மேடையில வாய் அசையாம முன்குரல் வந்தா கூட்டம் உடனே கண்டுபிடிச்சிடும்.

ஃபைலை இப்படிப் பண்ணுங்க: இடது சேனல்ல கிளிக் (டிரம்மருக்குத் தாளம் காட்டுற சத்தம்), வலது சேனல்ல பின்குரல். ஸ்டீரியோ பின்னிலிருந்து ரெண்டு மோனோ பின்னா பிரியிற கேபிள் வாங்குங்க. வலது டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) வழியா மிக்ஸருக்கு. இடது மிக்ஸர் பக்கமே போகக் கூடாது, டிரம்மர் பக்கத்துல இருக்கிற சின்ன ஹெட்போன் ஆம்புக்கு நேரா போகணும். ஏன் இவ்வளவு சொல்றேன்னா, சவுண்டு செட் போடுற பசங்களுக்கு லேப்டாப்னாலே 'பாட்டு லைன்'. ரெண்டு பக்கத்தையும் சேர்த்து மெயின்ல விட்டுடுவாங்க, திடல் முழுக்க 'டக் டக் டக் டக்'னு கேட்கும். இடது கேபிளை அவங்க கிட்ட நீட்டலேன்னா அந்தத் தப்பு நடக்கவே வழி இல்லை.

ஜெனரேட்டர் மாத்துற நேரம்தான் அடுத்த கண்டம். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு. யுஎஸ்பி-யிலேயே மின்சாரம் எடுக்கிற இன்டர்ஃபேஸ்னா (லேப்டாப் ஒலியை வெளியே தர்ற பெட்டி) அதுவும் நிக்காது. டிஜிட்டல் மிக்ஸர் மட்டும் அணைஞ்சு திரும்ப எழ நேரம் எடுக்கும். அதுக்குள்ள டிராக் எங்கேயோ போயிருக்கும். டிரம்மர் கையெட்டுற தூரத்துல நிறுத்துற பட்டன் இருக்கணும். கரண்ட் போனா முதல் வேலை அதை அமுக்குறது. மொபைல்ல ஓட்டினா ஏரோபிளேன் மோடு, சொல்லவே வேண்டாம்.

புதுசா பாடப்போற கிட்டாரிஸ்டுக்கு சூப்பர் கார்டியாய்ட் மைக் (சாதாரண கார்டியாய்டை விடக் குறுகலா முன்பக்கம் கேட்கிறது) கொடுத்தா மானிட்டரை (பாடுறவர் தன் குரலைக் கேட்கிற ஸ்பீக்கர்) நேர் எதிரே வைக்காதீங்க. அந்த மைக்குக் காது கேட்காத இடம் நேர் பின்னால இல்லை, முன்பக்கத்துலேர்ந்து சுமார் 126 டிகிரி தள்ளி ரெண்டு பக்கமும் இருக்கு. மானிட்டர் அந்தக் கோணத்துல சாய்வா இருக்கணும். சாதாரண கார்டியாய்ட் மைக்னா நேர் எதிரே வைக்கலாம். இது மாறிப்போனதாலதான் பாதி மேடையில ஊளைச் சத்தம். ஃபீட்பேக் வந்தா மைக் தலையைக் கையால பொத்தாதீங்க, இன்னும் கத்தும். கத்துறவர் கிட்டயும் இதைச் சொல்லி வைங்க, அவங்களுக்குத்தான் இந்தப் பழக்கம்.

கூத்துக்கொட்டகை (பென்னாகரம்)

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ராஜா வேஷம் ஒரு அடி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் அவர் மூச்செடுப்பார், ஆடுவார். விடிய விடியக் குரல் தாங்குவதற்கு அது ஒரு காரணம். உங்கள் கோரஸையும் அப்படி வெட்டுங்கள். நான்கு வரி என்றால் முதல் வரியும் மூன்றாம் வரியும் கிட்டாரிஸ்ட். இரண்டாவதையும் நான்காவதையும் பேஸ்காரரும் கத்துபவரும் சேர்ந்து முழக்கமாகச் சொல்லட்டும். கிட்டாரிஸ்டுக்கு எட்டாத சுரம் இருக்கும் வரியை அந்த முழக்கத்தில் தள்ளிவிடலாம். அதற்குச் சுருதி துல்லியம் அவ்வளவு தேவையில்லை. போஸ்ட்-ஹார்ட்கோருக்கு இது அந்நியமும் இல்லை, பங்க் காலத்துக் கூட்டுக்குரல்தான்.

தொப்பூர்க்கணவாய் (தருமபுரி)

பின்பாட்டு யோசனை அருமை. அதை வைத்தால் டிராக்கே தேவைப்படாது என்பது என் கட்சி. மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.

டிரம்மர் போவதற்கு முன் அவரிடம் வாங்கிக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி), எங்கே மாறுகிறது என்பதோடு. கிளிக்கோடு அவர் தனியாக அடித்த பதிவு. கால் தெரியும்படி ஒரு மொபைல் வீடியோ, இரட்டைப் பெடல் இடங்களை ஒலியை மட்டும் கேட்டுப் பிரித்தெடுக்க முடியாது.

பலரும் தவறவிடுவது எடுப்பு. பாடும் டிரம்மர் இருக்கும் குழுவில், கோரஸுக்குள் நுழைய எல்லோரும் காத்திருப்பது அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லுக்காக. அவர் பாட வேண்டியிருப்பதால் அந்த இடத்தில் ஃபில் (பகுதி மாறும்போது டிரம்மர் இட்டு நிரப்பும் அடி) சின்னதாக இருக்கும். புதியவருக்கு வாய் வேலை இல்லை, கை சும்மா இருக்காது, பெரிய ஃபில் போடுவார். அது கிட்டாரிஸ்டின் முதல் சொல்லின் மேல் விழும், யாருக்கும் 'ஒன்று' எங்கே என்று தெரியாது. கோரஸுக்கு முந்தைய பாரில் கடைசி இரண்டு அடி காலி என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

ஆள் தேடுவது என்றால் சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பவர்களைக் கேளுங்கள். மெல்லிசைக் குழுவில் பேட் வாசிப்பவர்களுக்குத் தாளம் அசையாது, ஆனால் பெடல் கால் பழகியிருக்காது. ஏழு வாரம் அதற்குப் போதாது.

இன்னொன்று, பாட்டு யாருடையது என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமை. கோரஸ் மெட்டு அவர் போட்டதென்றால், குழுவை விட்டுப் போனாலும் அது அவருடையதே. 9 பாட்டுக்கும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில், ஐந்து கையெழுத்து. சண்டை இல்லாமல் பிரியும்போது ஒரு மாலையில் முடிகிற வேலை. பதிவேற்றக் கணக்கு, சமூக வலைப் பக்கக் கடவுச்சொற்களும் அதே மாலையில்.

மத்திகிரி_டிராப்டி (ஒசூர்)

ரொம்ப நன்றிண்ணா. கம்பி 11-56 முடிவு பண்ணிட்டோம். 9 பாட்டையும் ஏழு வாரத்துல புது ஆளுக்கு ஏத்த முடியுமா? சராசரி மூணரை நிமிஷம்.

சவுண்டுகார_மாமா (பாலக்கோடு)

எதுக்கு 9? ஆறு பாட்டுக்கு 21 நிமிஷம், இடையில அஞ்சு இடைவெளிக்கு அரை நிமிஷம் வீதம் ரெண்டரை. இருபத்து மூணரை ஆச்சு. மேடை எப்படியும் லேட்டாத்தான் கிடைக்கும், அஞ்சாவது பாட்டோட நிறுத்தச் சொன்னா எதை விடுறதுன்னு இப்பவே முடிவு பண்ணி செட் லிஸ்ட்ல அடிக்கோடு போட்டு வைங்க. அந்த ரெண்டு பழைய டிராப் சி பாட்டும் இந்த ஆறுல வேண்டாம், மெட்டு மாத்தினது பழக நாள் எடுக்கும். டிராக் ஓடுற பாட்டை முதல்ல வைக்காதீங்க. முதல் பாட்டுலதான் நாங்க மிக்ஸர்ல இன்னும் லைன் தேடிட்டு இருப்போம்.